அரை நாள் வேலை

வடக்கனந்தலில் பிளக் வைத்த சாமான் எதை வாங்குவதென்றாலும், கடைக்காரனைக் கேட்பதற்கு முன்னால் அமிர்தத்தைக் கேட்பார்கள். கடைக்காரன் விற்கிறவன், அவன் வாயில் எல்லாமே நல்ல சாமான்தான். அமிர்தத்துக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. ஆகாது என்றால் முகத்துக்கு நேராகவே ஆகாது என்பாள். ஊரில் அவளுக்குக் ‘கேரண்டியம்மா’ என்று பட்டப்பெயர். கேலிக்கு வைத்த பெயர்தான். ஆனால் அவள் பேச்சைத் தட்டிவிட்டு வாங்கியவர்கள் பலபேர் பிறகு தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அதற்கப்புறம் கேலி போய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

அவளுடைய அபிப்பிராயங்கள் எல்லாம் அடுப்படியில் பட்டுத் தெரிந்தவை. மிக்சி சட்னிக்கும் மசாலாவுக்கும் சரி, இட்லி மாவுக்கு ஆகாது. பிளேடு சூட்டில் மாவு வெந்துபோய் இட்லி தட்டையாக உட்கார்ந்துவிடும். குக்கர் பருப்புக்கு மட்டும். வடித்துச் சாப்பிடுகிற வீட்டில் குக்கரில் சோறு வைத்தால் கஞ்சிக்கு எங்கே போவது? வாஷிங் மெஷின் வாங்கினால் இரண்டு தொட்டி வைத்ததைத்தான் வாங்க வேண்டும். ஒற்றைத் தொட்டி ஆட்டோமேட்டிக் மெஷினுக்குக் குழாயில் தண்ணீர் வேகமாக வர வேண்டும், நம்மூர்க் குழாயில் வருகிற தண்ணீரை வைத்துக்கொண்டு அது கர்ச்சீப் கூடத் துவைக்காது. இண்டக்ஷன் அடுப்பு, கரண்ட் நிற்காத ஊர்க்காரர்களுக்கு. இங்கே கல்வராயன் மலையில் மழை இறங்கினாலே கரண்ட் போய்விடுகிறது. வெள்ளிமலையில் இடி இடித்ததற்காக வடக்கனந்தலில் பட்டினி கிடப்பதா என்று கேட்பாள். பக்கெட்டில் போடுகிற வாட்டர் ஹீட்டர் கம்பியை மட்டும் அவள் வீட்டு வாசலுக்குள்ளேயே விட்டதில்லை.

பழசு என்பதற்காக ஒரு சாமானைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் மாட்டாள். மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ்வை எடைக்குப் போட்ட அன்றைக்கு அவள் வீட்டில் பாயசம். டிரான்சிஸ்டர் ரேடியோவை மட்டும் விடவில்லை. மழையில் டிவி படுத்துவிட்டால் புயல் சேதி சொல்ல அது ஒன்றுதான் இருக்கிறது என்று காரணம் சொல்வாள். ஊரும் தலையாட்டும்.

ஆனால் அந்த ரேடியோவுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. கிரைண்டர் போடும்போதெல்லாம் அமிர்தம் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவாள். பேச்சோ பாட்டோ, வெறும் இரைச்சலோ, எதுவானாலும் சரி. கிரைண்டர் ஓடுகிற சத்தம் காதில் விழக் கூடாது, அவ்வளவுதான். அந்தக் கிரைண்டர் அவளுடையது இல்லை. சாலம்மாளுடையது.

கவர்மெண்டில் மிக்சி, கிரைண்டர், ஃபேன் மூன்றையும் இலவசமாகக் கொடுத்த வருஷம் அது. அரிசி கார்டு வைத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது. அமிர்தத்தின் வீட்டுக்காரர் நாராயணசாமி, கரும்பும் நெல்லும் போடுகிறவன் ரேஷன் அரிசிக்கு வரிசையில் நிற்பதா என்று என்றைக்கோ கெத்தாகச் சர்க்கரை கார்டுக்கு மாறிவிட்டிருந்தார். அதனால் அவர்களுக்குக் கிடையாது. சரி, காசு கொடுத்தாவது ஒரு கிரைண்டர் வாங்கலாம் என்றால் அதற்கும் அவர் மசியவில்லை. கல்லு குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது மிஷின் எதற்கு என்றார். அந்தக் கல்லில் ஆட்டுகிறவள் அவரில்லையே. ஊருக்கெல்லாம் கிரைண்டரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவள், சாயங்காலமானால் கொல்லையில் ஆட்டுக்கல்லின் முன்னால் உட்கார்ந்து குழவியைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

சாமான் கொடுத்த மறுநாள் சாலம்மாள் வந்தாள். அமிர்தத்தின் நிலத்தில் களையெடுக்கவும் நாற்று நடவும் வருகிறவள், காலனியில் தொகுப்பு வீடு. கிரைண்டரைத் தலையில் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்க வாசலில் வந்து நின்றாள். நீங்கள் ஒருதரம் பார்த்துச் சொல்லிவிட்டால் தைரியமாகப் போடுவேன் என்றாள். அமிர்தம் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று, புதுசு மணத்தோடு இருந்தது. மூடியைத் திறந்து உள்ளே இருந்த இரண்டு உருளைக் கல்லையும் தொட்டுப் பார்த்தாள். நல்ல கல். முந்தின நாள் கல்லில் ஆட்டிய வலி அவளுக்குத் தோளில் இன்னும் இருந்தது. ஆசை என்பது எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை, ஆனால் வாயைத் திறந்தபோது அது வந்து நாக்கில் உட்கார்ந்துகொண்டிருந்தது.

“உன் வூட்ல எர்த்து இருக்குதா சாலா?” என்று கேட்டாள்.

சாலம்மாளுக்கு அந்த வார்த்தையே புதுசு. அமிர்தம் விளக்கினாள். மிக்சியும் ஃபேனும் பரவாயில்லை. கிரைண்டர் என்பது ஈரக் கையோடு தொடுகிற சாமான், உள்ளே எவர்சில்வர் சட்டி, கீழே தண்ணீர் சொட்டும். எர்த் இல்லாத வீட்டில் போட்டால் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் பிடித்து இழுத்துவிடும் என்றாள். முந்தின மழைக்குத்தான் கரண்ட் போஸ்டை இழுத்துக் கட்டின ஸ்டே கம்பியில் பட்டு சாலம்மாளின் வெள்ளாடு ஒன்று காலை விறைத்துக்கொண்டு செத்திருந்தது. அவள் முகம் வெளுத்துவிட்டது. வீட்டில் பெண் குழந்தை இருக்கிறதே, கையை வைத்துவிட்டால் என்ன செய்வேன் என்றாள்.

அமிர்தம் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அதுதான் அதில் இருந்த கயவாளித்தனம். எர்த் இல்லையென்றால் போட்டுக்கொள்ளலாம் என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. அந்தக் கோடையில்தான் மெக்கானிக் வேடியப்பன் அவள் வீட்டுக்கு எர்த் போட்டிருந்தான். சுவரோரம் ஒரு குழி, அதில் கரியும் உப்பும், நடுவில் ஒரு குழாய், அதிலிருந்து பிளக்குக்கு ஒரு கம்பி. பக்கத்தில் நின்று பார்த்தவள் அவள்தான்.

வேலை சுலபமாக முடிந்தது. கிரைண்டருக்குப் பதிலாகத் தன் ஆட்டுக்கல்லையும் ஒரு மூட்டை கம்பையும் கொடுப்பதாகச் சொன்னாள். கல்லில் ஆட்டின மாவுக்கு ருசி ஜாஸ்தி என்றும் சேர்த்துச் சொன்னாள். சாலம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். மறுநாள் நாராயணசாமியின் மாட்டுவண்டியில் கல் காலனிக்குப் போனது. கொல்லையில் கல் இருந்த இடத்தில் ஒரு வட்டம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. அந்த வாரம் அமிர்தம் நிம்மதியாகத் தூங்கினாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நிம்மதி நீடிக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்துச் சாலம்மாள் மிஷின் எப்படி ஓடுகிறது என்று கேட்டபோது, அமிர்தம் யோசிக்காமல் ஒரு பொய்யைச் சொன்னாள். உன் மிஷின் எரிந்துபோய் எடைக்குப் போட்டாயிற்று, இது கள்ளக்குறிச்சியில் வாங்கியது என்றாள். அன்றைக்கே கிரைண்டரின் பக்கத்தில் இருந்த கவர்மெண்ட் லேபிளைச் சுரண்டியெடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு தாமரைப்பூ ஸ்டிக்கரை ஒட்டினாள். சாலம்மாளோ தன் மிஷின் எரிந்ததற்கு ஆறுதல் சொன்னாள். நல்லவேளை, எங்கள் வீட்டில் எரியாமல் போனதே என்றாள்.

சாலம்மாள் அந்தக் கல்லை வைத்துக்கொண்டு காலனி முனையில் இட்லிக்கடை போட்டாள். கரும்பு வெட்டப் போகிறவர்கள் விடிகாலையில் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். வியாபாரம் நன்றாக நடந்தது, அதனால் ஆட்டுவதும் கூடியது. நாலைந்து வருஷத்தில் அவளுடைய வலது தோள் இறுகிவிட்டது. கையைத் தூக்கிக் கொண்டை போட முடியவில்லை. இனிமேல் கல்லைத் தொடாதே என்று டாக்டர் சொன்னார். அவள் தொடவில்லை. மகள் அம்சவள்ளி தொட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கல், பரீட்சை என்றாலும் கல். பத்தாவதோடு படிப்பு நின்றது. பெண் கெட்டிக்காரி ஆயிற்றே, ஏன் நிறுத்தினாய் என்று அமிர்தம் கேட்டதற்கு, மாவு ஆட்ட ஆளில்லையே என்று சாலம்மாள் சாதாரணமாகச் சொன்னாள். அமிர்தம் அன்றைக்குச் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று வீட்டுக்காரரிடம் சொன்னாள்.

இத்தனைக்கும் அதே காலனியில் பாப்பாத்தி வீட்டில் கவர்மெண்ட் கிரைண்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எப்போதாவது ஜிவ்வென்று விரலில் ஏறும். பாப்பாத்தி ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு பலகைமேல் நின்று ஆட்டுவாள். அதைப் பார்த்துப் பார்த்துச் சாலம்மாளுக்கு அமிர்தத்தின்மேல் நம்பிக்கை கூடிக்கொண்டே போனது. அந்தம்மா மட்டும் அன்றைக்குச் சொல்லாமல் இருந்திருந்தால் நம் வீட்டில் என்ன ஆகியிருக்குமோ என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அந்தப் பேச்சு சுற்றிச் சுற்றி அமிர்தத்தின் காதுக்கே வந்துசேரும்.

அமிர்தம் சும்மா இருக்கவில்லை, குற்றமுள்ள நெஞ்சு சும்மா இருக்க விடாது. புடவை கொடுத்தாள், மோர் கொடுத்தாள், அறுப்பு முடிந்தால் கூலி நெல்லை மரக்கால் குவியக் குவிய அளந்தாள். ஒருதரம், அரிசியைக் கொண்டுவா, என் மிஷினில் ஆட்டித் தருகிறேன் என்றும் சொன்னாள். சாலம்மாள் கொண்டுவந்தாள். வாசலிலேயே நின்று மாவை வாங்கித் தொட்டுப் பார்த்து, பஞ்சு மாதிரி அரைக்குதும்மா உங்க மிஷினு என்று கண்ணை விரித்துச் சொன்னாள். அதற்குப் பிறகு அமிர்தம் கூப்பிடவே இல்லை.

கிரைண்டரைப் பழுது பார்ப்பது அவளுக்குத் தனிப் பாடு. பெல்ட் அறுந்தால் உள்ளூர் வேடியப்பனிடம் காட்டமாட்டாள். பழைய புடவையில் மூட்டையாகக் கட்டி, பஸ்ஸில் ஏற்றிக் கள்ளக்குறிச்சிக்கு எடுத்துக்கொண்டு போவாள். ஊருக்கே யோசனை சொல்கிறவள் உள்ளூர்க்காரனை நம்பவில்லையா என்று வேடியப்பனுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு. கவர்மெண்ட் மிஷின் என்று கண்டுபிடித்துவிடுவானே என்பதுதான் முதலில் பயம். பிறகு இன்னொரு காரணமும் சேர்ந்தது, அது கிரைண்டரின் அடியில் இருந்தது. இலவசச் சாமான் கொடுத்த அன்று காலனியில் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி மிஷின் வந்ததால், மாறிப்போகாமல் இருக்க ஆளாளுக்கு ஒரு அடையாளம் வைத்தார்கள். சாலம்மாள் வீட்டில் அந்த வேலையை அம்சவள்ளி செய்தாள். அப்போது சின்னப் பெண். ரிஷிவந்தியம் கோயில் திருவிழாவில் வாங்கிய சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து, மிஷினைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் ‘அம்சா’ என்று எழுதி, பக்கத்தில் மூன்று பொட்டும் வைத்திருந்தாள். கள்ளக்குறிச்சி மெக்கானிக் முதல்முறை கவிழ்த்தபோதுதான் அமிர்தம் அதைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் பிளேடை எடுத்தாள். எழுத்து கோணலாக இருந்தது, ‘சா’வின் கால் ஓரத்தில் வழிந்து இறங்கியிருந்தது. அவளால் சுரண்ட முடியவில்லை. இதையும் சுரண்டிவிட்டால் நான் முழுத் திருடி என்று நினைத்தாள். சுரண்டாமல் விட்டதால் பாதித் திருடியாக ஆகிவிட்டதைப் போல.

அம்சவள்ளிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில் டிராக்டர் ஓட்டுகிறவன். ஒரு நாள் காலையில் சாலம்மாள் வெற்றிலைபாக்குப் பையோடு கொல்லைப்பக்கம் வந்து நின்றாள். பத்திரிகை வைத்துவிட்டு, சீருக்கு ஒரு கிரைண்டர் வைக்க வேண்டும், எது நல்லது, நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றாள். மாப்பிள்ளை வீட்டில் எர்த் இருக்கிறது என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டாளாம். அதைப் பெருமையாகச் சொன்னாள்.

அமிர்தம் பல நாளாக இதற்காகவே காத்திருந்தவள் போல, கிரைண்டரை நானே வாங்கித் தருகிறேன், நீ செலவு பண்ணாதே என்றாள். சாலம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

“அன்னிக்கு நீங்க சொல்லலன்னா எங்க வூட்ல யாரு கை வெந்திருக்குமோம்மா. எம்பொண்ணுகிட்ட இன்னிக்கும் சொல்லிக்கினே இருக்கறேன்” என்றாள்.

புதுசாக ஒன்று வாங்கிக் கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது என்று அமிர்தம் ஒரு நிமிஷம் நிஜமாகவே நம்பினாள். இத்தனை வருஷத்தில் அவள் செய்ததிலேயே அதுதான் வெட்கக்கேடு என்று பின்னால் அவளே நினைத்து நினைத்து மருகினாள்.

அந்த நேரம் பார்த்து நாராயணசாமி வேடியப்பனைக் கூட்டிக்கொண்டு கொல்லைப்பக்கமாகவே வந்தார். முந்தின நாள் கிரைண்டர் பெல்ட் அறுந்திருந்தது. முட்டிவலியோடு இவள் பஸ் ஏறிக் கஷ்டப்பட வேண்டாமே என்று நினைத்தார், பாவம். அவர் செய்த நல்ல காரியங்கள் கம்மி, அதில் ஒன்று இப்படி முடிந்தது. அமிர்தம் வேண்டாம் வேண்டாம் என்று எழுந்து வருவதற்குள் வேடியப்பன் உள்ளே போய்க் கிரைண்டரைத் தூக்கிவந்து, வெளிச்சத்துக்காக வாசற்படியில் வைத்து, ஒரே புரட்டாகக் கவிழ்த்தான்.

சாலம்மாளின் காலுக்குப் பக்கத்தில் அது கிடந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் மகள் பெயர் எழுத்தில் எப்படி இருக்கும் என்று தெரியும். பள்ளிக்கூட நோட்டில், ரேஷன் கார்டில், இதோ பையில் இருக்கிற பத்திரிகையில் பார்த்த பெயரின் முதல் எழுத்துகள்தான். சிவப்பு கொஞ்சம் மங்கியிருந்தது. மூன்று பொட்டும் அப்படியே இருந்தன.

வேடியப்பன் எதையும் கவனிக்காமல் அடிமூடியைக் கழற்றிக்கொண்டே, இது கவர்மெண்ட் மிஷின் ஆச்சுங்களே, நல்ல மோட்டார், பெல்ட் மாற்றினால் இன்னும் ரொம்ப நாள் ஓடும் என்றான். சாலம்மாள் அமிர்தத்தைப் பார்க்கவில்லை. அவனைத்தான் கேட்டாள்.

“வேடியப்பா, ஒரு வூட்டுக்கு எர்த்து போட எத்தினி நாளு ஆவும்?”

“நாளா? அர நாளு வேலக்கா. குழி வெட்டிட்டா முடிஞ்சிச்சி.”

“அர நாளு” என்று சாலம்மாள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். பையை எடுத்து இடது தோளில் மாட்டிக்கொண்டாள். “வரேங்கம்மா” என்றாள். எப்போதும் சொல்கிற அதே மரியாதையோடுதான் சொன்னாள். திட்டியிருந்தால் அமிர்தத்துக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைத்திருக்கும்.

மறுநாள் காலையில் அமிர்தம் வேடியப்பனைக் கூட்டிக்கொண்டு காலனிக்குப் போனாள். அவன் சைக்கிள் கேரியரில் பெல்ட் மாற்றிய கிரைண்டர், குழாய், ஒரு பை உப்பு, ஒரு பை கரி. அந்தத் தெருவுக்குள் அவள் அதுவரை வந்ததில்லை. சாலம்மாள் வீட்டு முன்னால் இடது கையால் ஆட்டிக்கொண்டிருந்தாள். நிச்சயம் ஆன பெண்ணைக் கல்லில் உட்கார வைக்கக் கூடாது என்று அம்சவள்ளியை எழுப்பிவிட்டிருந்தாள். அமிர்தத்தைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

கூட்டமாக இல்லாவிட்டாலும் இரண்டு மூன்று பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படியே அமிர்தம் பேசினாள்.

“தெரிஞ்சேதான் சொல்லாம விட்டேன் சாலா. ஆசப்பட்டுட்டேன்.”

குழவி நின்றது. சாலம்மாள் வழிந்த மாவை விரலால் தள்ளிவிட்டாள்.

“எந்தோளு போனது போவட்டும்மா. எம்பொண்ணு படிப்ப இன்னா பண்றது?”

அமிர்தத்திடம் அதற்கு அபிப்பிராயம் எதுவும் இல்லை. சீருக்கு நீங்கள் வாங்கித் தர வேண்டாம், நானே வாங்கிக்கொள்கிறேன் என்று சாலம்மாள் அடுத்ததாகச் சொன்னாள். அமிர்தம் தலையை ஆட்டினாள். வேடியப்பன் சுவரோரம் கடப்பாரையைப் போட ஆரம்பித்தான்.

அமிர்தம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கல்லுக்குப் பக்கத்தில் மண்டி போட்டாள், முட்டி வலித்தது. சாலம்மாள் எழுந்து இடம் விட்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. உள்ளே போய் ஊறவைத்த அரிசி மீதியையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

தன் பழைய கல்தான். விளிம்பில் சில்லு போன இடம் விரலுக்கு உடனே தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் தோளில் அந்தப் பழைய வலி வந்து உட்கார்ந்தது. அதை எங்கே விட்டுவிட்டுப் போனாளோ அங்கேயே இருந்திருக்கிறது. வழித்தாள், போட்டாள், சுற்றினாள். வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை ஒழியவில்லை.

வேடியப்பன் குழியை மூடி, கம்பியை இழுத்து, பிளக்கில் சேர்த்துவிட்டு வந்து கைகழுவத் தண்ணீர் கேட்டான். இன்னும் உச்சிவேளை ஆகவில்லை. கல்லில் மாவு பாதிதான் ஆகியிருந்தது.